எடை சொல்லாததை நுரை சொல்லும்: மலையில் பிறக்கும் குறைமாதக் குழந்தையின் மூச்சு

கொடைக்கானல் மலையில் ஒரு குழந்தை நாள் நிறையாமல் பிறந்துவிட்டால், பிரசவம் பார்த்தவர்கள் உடனே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். குழந்தையை இங்கேயே தாயோடு வைத்துப் பார்ப்பதா, கீழே அனுப்புவதா? கீழே என்றால் வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல், தேனி அல்லது மதுரை. மதுரை 115 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அதில் பாதி தூரம் மலைப்பாதை. மன்னவனூர், கிளாவரைப் பக்கத்துப் பெண் என்றால் கொடைக்கானல் டவுனுக்கு வரவே 30 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் எந்த வளைவில் மண் சரிந்து கிடக்கும் என்று சொல்ல முடியாது. சீசனில் வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே வண்டிகள் நகராமல் நிற்கும். 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கொண்டுவர உயர் நீதிமன்றம் சொன்னதற்கு இந்த நெரிசலும் ஒரு காரணம்.

இந்த முடிவைக் கடினமாக்குவது பாதை மட்டுமல்ல. பிறந்தவுடன் குழந்தை நன்றாகவே அழுதிருக்கும், நிறமும் மோசமாக இருக்காது. சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ மூச்சு வேகமெடுக்கும். அதன்பின் இரண்டு மூன்று நாட்களுக்கு நிலைமை மோசமாகிக்கொண்டே போகும். நுரையீரல் பழுக்காத குழந்தைக்கு வரும் மூச்சுத்திணறலின் போக்கு இப்படித்தான். திணறல் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்தால் பொழுது சாய்ந்திருக்கும், பனிமூட்டம் இறங்கியிருக்கும். முதல் ஒரு மணி நேரத்திலேயே ஏதாவது தெரிந்தால் அது பெரிய உதவி. அப்படி ஒன்றை நுரையைப் பார்த்துச் சொல்லக்கூடிய எளிய சோதனை ஐம்பது ஆண்டுகளாக இருக்கிறது. ஒரு சோதனைக்குழாய், அரை மில்லி எத்தனால், ஒரு கடிகாரம் போதும்.

அது எப்படி வேலை செய்கிறது என்று புரிய, நுரையீரலுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

நுரையீரல் முழுக்க நுண்ணிய காற்றறைகள். அவற்றின் உட்சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும். ஈரம் இருக்கிற இடத்தில் பரப்பு இழுவிசை இருக்கும். அது அறையைச் சுருக்கி மூடப் பார்க்கும். அறை எவ்வளவு சிறிதோ, அவ்வளவு பலமாக மூடப் பார்க்கும். நனைந்த பிளாஸ்டிக் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்குமே, அந்த நிலைமை ஒவ்வொரு மூச்சை விடும்போதும் வரலாம். வளர்ந்த நுரையீரலில் அப்படி ஒட்டாமல் காப்பது சர்ஃபாக்டன்ட். பெரும்பகுதி கொழுப்பும் கொஞ்சம் புரதமும் சேர்ந்த இந்தப் பொருளைக் காற்றறைகளின் சுவரில் உள்ள சில செல்கள் சுரக்கின்றன. கரு 24 வாரத்தை ஒட்டி அதைச் சுரக்கத் தொடங்குகிறது. தடையில்லாமல் மூச்சுவிடப் போதுமான அளவு சேர 34, 35 வாரம் ஆகிறது. அதற்கு முன்பே பிறக்கும் குழந்தை, ஒவ்வொரு மூச்சுக்கும் மூடிய அறைகளைப் புதிதாகத் திறக்க வேண்டியிருக்கிறது. சில மணி நேரத்தில் ஓய்ந்துபோகிறது.

இது தெரியவந்த கதையில் நுரைக்குத் தனி இடம் உண்டு. நுரையீரலைக் காற்றால் விரிப்பதைவிட நீரால் விரிப்பது எளிது, அதற்குக் காரணம் பரப்பு இழுவிசை என்று 1929-ல் குர்ட் வான் நீர்கார்ட் காட்டினார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1955-ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் பேட்டில், நுரையீரலிலிருந்து வரும் நுரையின் குமிழிகள் உடையாமல் அப்படியே நிற்பதைக் கவனித்தார். சாதாரண நீர்க்குமிழி சுருங்கி மறைந்துவிடும், இவை மறையவில்லை. அப்படியென்றால் பரப்பு இழுவிசையை ஏறக்குறைய இல்லாமல் செய்யும் ஏதோ ஒன்று அவற்றின் மேல் படர்ந்திருக்க வேண்டும். 1957-ல் அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட்ஸ் அதை அளந்து காட்டினார். 1959-ல் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும், மூச்சுத்திணறலில் இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் அந்தப் பொருள் இல்லை என்பதைக் கண்டுபிடித்தார்கள். காரணம் தெரிந்துவிட்டது, மருந்து வரவில்லை. 1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த மகன் பேட்ரிக், 2.1 கிலோ எடை இருந்தும், 39 மணி நேரத்தில் இறந்துபோனான். மூச்சுப்பாதையில் விடாமல் மெல்லிய அழுத்தத்தில் காற்றுக் கொடுக்கும் சிபேப் முறை குழந்தைகளுக்கு வந்தது 1971-ல். மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட் குழந்தைகளைக் காப்பாற்றியதை ஜப்பானின் ஃபுஜிவாரா அறிவித்தது 1980-ல்.

இடையில், 1972-ல், அதே கிளெமென்ட்ஸ் ஒரு காரியம் செய்தார். நின்றுபோகும் குமிழியைக் கண்ணாலேயே பார்க்கலாமே என்று பனிக்குட நீரை எத்தனாலோடு கலந்து குலுக்கிப் பார்த்தார். சர்ஃபாக்டன்ட் இருந்தால் நுரை நிற்கிறது, இல்லாவிட்டால் அடங்கிவிடுகிறது. சில ஆண்டுகளில் அதையே பிறந்த குழந்தையின் இரைப்பை நீரில் செய்யலாம் என்பதும் உறுதியானது. வயிற்றில் இருக்கும் நீரைப் பார்த்து நுரையீரலைப் பற்றி எப்படிச் சொல்வது? கருவின் நுரையீரலில் ஊறும் திரவம் மேலேறித் தொண்டைக்கு வருகிறது. ஒரு பகுதி பனிக்குட நீரோடு கலக்கிறது, ஒரு பகுதியைக் கருவே விழுங்குகிறது. ஆகவே பிறந்த கையோடு இரைப்பையில் இருப்பது நுரையீரலின் மாதிரிதான்.

செய்முறை இதுதான். குழந்தை பிறந்த அரை மணி நேரத்துக்குள், மெல்லிய குழாயை இரைப்பைக்குள் இறக்கி, சிரிஞ்சால் அரை மில்லி நீரை எடுக்கிறார்கள். சுத்தமான சிறு சோதனைக்குழாயில் அதை விட்டு, அதே அளவு எத்தனால் சேர்க்கிறார்கள். குழாயை மூடி 15 விநாடி வேகமாகக் குலுக்கி, ஆடாமல் 15 நிமிடம் நிறுத்திவைக்கிறார்கள். பிறகு குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பின்னால் கறுப்பாக எதையாவது வைத்து, திரவம் முடிகிற விளிம்பைப் பார்க்க வேண்டும். பொடிக் குமிழிகள் விளிம்பைச் சுற்றி மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வளையமாக நின்றால் நுரையீரல் பழுத்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, அல்லது ஒன்றுமே இல்லை என்றால் திணறல் வரும் ஆபத்து அதிகம். நடுவில் நின்றால் நிச்சயமில்லை. அந்தக் குழந்தையைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

எத்தனால் எதற்கு? வெறும் இரைப்பை நீரைக் குலுக்கினாலும் நுரை வரும். அதிலுள்ள புரதமும் பித்த உப்பும் நுரைக்கக் கூடியவை. எத்தனால் சேர்ந்தால் அவை பரப்பிலிருந்து விலகிவிடும், சர்ஃபாக்டன்ட்டால் உண்டான நுரை மட்டும் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் கலப்பில்லாத எத்தனாலே வேண்டும். ஊசி போடத் துடைக்கும் ஸ்பிரிட்டை ஊற்றிச் செய்தால் முடிவை நம்ப முடியாது. சோப்புப் போட்டுக் கழுவிச் சரியாக அலசாத குழாயும் பொய் சொல்லும். இரைப்பை நீரில் ரத்தமோ, குழந்தை பனிக்குடத்திலேயே கழித்த மலமோ கலந்திருந்தாலும் அப்படியே.

இன்னொரு எச்சரிக்கை நம் ஊர் வழக்கத்தைப் பற்றியது. மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கங்களில் பிறந்த பிள்ளைக்குச் சேனை தொட்டு வைப்பார்கள். மலையிலும் அந்த வழக்கம் ஏறி வந்திருக்கிறது. குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தடவுவார். பிரசவ வார்டு வாசலில் இந்தப் பேச்சு சாதாரணமாகக் கேட்கும்:

"சிஸ்டர், பேருக்குக் கொஞ்சம் சேனை தொட்டு வச்சுக்கிறோம். பிள்ளையோட தாத்தா வந்து நிக்கிறாரு."

"இப்ப வேண்டாம் பாட்டிம்மா. வயித்துல இருக்கிற தண்ணியை எடுத்துச் சோதிக்கணும். நாக்குல ஒரு சொட்டுகூட வச்சிராதீங்க."

சோதனைக்காக மட்டும் அந்த நர்ஸ் அப்படிச் சொல்லவில்லை. மூச்சு வேகமாக வாங்கும் குழந்தைக்கு விழுங்குவதும் மூச்சிழுப்பதும் ஒன்றோடொன்று மோதும். தடவியது நுரையீரலுக்குள் போய்விடலாம். தேன் எந்தக் குழந்தைக்கும் ஒரு வயதுவரை ஆகாது. மூச்சு சீராக இருக்கும் குழந்தைக்கு முதலில் போக வேண்டியது சீம்பால்.

இந்தச் சோதனையின் உண்மையான பயன் எங்கே என்றால், எடை ஏமாற்றும் இடத்தில். 1.8 கிலோ எடையோடு ஒரு குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 32 வாரத்தில் பிறந்த, அந்த வாரத்துக்கு ஏற்ற எடையுள்ள குழந்தையாக இருக்கலாம். 37 வாரம் நிறைந்து, கருப்பையில் போதிய ஊட்டம் கிடைக்காமல் மெலிந்துபோன குழந்தையாகவும் இருக்கலாம். தராசில் இரண்டும் ஒன்று. முதல் குழந்தைக்கு நுரையீரல் பழுத்திருக்காது. இரண்டாவதற்குப் பழுத்திருக்கும், அதற்கு வேண்டியது சூடும் பாலும் சர்க்கரை அளவு குறையாமல் பார்த்துக்கொள்வதும்தான். கடைசி மாதவிலக்குத் தேதி தாய் சேய் நல அட்டையில் சரியாகப் பதிவாகி, ஆரம்ப மாதங்களிலேயே ஸ்கேன் எடுத்திருந்தால் குழப்பம் இல்லை. தோட்ட வேலை, பூண்டு அறுவடை என்று அலைகிற பெண்களுக்கும், காட்டையொட்டி வாழும் பளியர் குடியிருப்புகளின் பெண்களுக்கும் அந்தத் தேதி பல நேரம் உத்தேசமாகத்தான் இருக்கிறது. உள்ளங்காலின் கோடுகள், காது மடலின் விறைப்பு, மார்புக் காம்பின் அளவு இவற்றை வைத்து வாரத்தைக் கணிக்கலாம். அதோடு நுரை வளையத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது படம் தெளிவாகிறது.

என் பார்வையில், மலைக்கு இந்தச் சோதனை தருகிற பெரிய கொடை "அனுப்பு" என்ற பதில் அல்ல, "இருக்கட்டும்" என்ற பதில். நுரை வளையம் முழுசாக நிற்பதை நம்பலாம். அந்தக் குழந்தைக்குச் சர்ஃபாக்டன்ட் பற்றாக்குறையால் திணறல் வருவது அரிது. நுரை இல்லாததை அந்த அளவுக்கு நம்ப முடியாது. நுரை நிற்காத குழந்தைகளிலும் பலர் திணறாமல் தேறிவிடுகிறார்கள். அதனால் நுரையில்லாத குழாய் ஒரு எச்சரிக்கை, தீர்ப்பு இல்லை. ஆனால் தேவையில்லாமல் ஒரு பச்சிளங் குழந்தையை இரவில் மலையிறக்குவதும் சிறிய தீங்கு இல்லை. வழியில் குளிரும், தாயைப் பிரியும், பால் தவறும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். பயத்தால் எல்லோரையும் கீழே அனுப்பினால் தாயும் சேயும் ஆளுக்கொரு ஊரில் கிடப்பார்கள். யாரை நிம்மதியாக இங்கே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் சோதனைக்கு மலையில் சமவெளியைவிட மதிப்பு அதிகம்.

பெரிய மருத்துவமனைகளில் இன்று இதை அதிகம் செய்வதில்லை. அங்கே சிபேப் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. குறைமாதக் குழந்தைக்குத் திணறல் தொடங்கியதுமே மாட்டிவிட்டு, எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்று பார்த்துச் சர்ஃபாக்டன்ட் கொடுக்கிறார்கள். நுரையீரலை ஸ்கேன் கருவியாலேயே பார்க்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வசதி மலைக்குக் கீழே தொலைவில் இருக்கும்போது செய்ய வேண்டியது வேறு.

சோதனை எதைச் சொல்லாது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். சர்ஃபாக்டன்ட் குறைவால் வரும் திணறலை மட்டுமே அது முன்கூட்டிச் சொல்லும். நுரையீரலில் தேங்கிய நீர் வடியத் தாமதமாவதால் வரும் வேகமூச்சு, நிமோனியா, மலம் கலந்த நீரை உறிஞ்சியதால் வரும் அடைப்பு, பிறவி இதயக் கோளாறு எதுவும் அந்தக் குழாயில் தெரியாது. சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தைக்கு நுரையீரல் பழுக்கத் தாமதமாகலாம். எடை 3 கிலோவைத் தாண்டியிருந்தாலும் அந்தக் குழந்தையை நுரையை மட்டும் வைத்து விட்டுவிடக் கூடாது.

ஆகவே குழாய் 15 நிமிடம் நிற்கும்போது கண் குழந்தையின் மேல் இருக்க வேண்டும். துணியை நெஞ்சுக்கு மேலே விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். குறைமாதக் குழந்தை சில விநாடி வேகமாக இழுக்கும், சில விநாடி சும்மா இருக்கும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தப்பும். 60 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமூச்சு. விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே போகிறதா, நெஞ்சுக்குழி குழிகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு காதைக் கொடுக்க வேண்டும். மூச்சை விடும்போது சின்னதாக ஒரு முனகல் கேட்டால், குழந்தை குரல்வளையைப் பாதி மூடிக் காற்றை உள்ளே பிடித்துவைக்கிறது, காற்றறைகள் மூடிவிடாமல் தானே போராடுகிறது என்று அர்த்தம். சுற்றி நிற்பவர்கள் அதைச் செல்லச் சிணுங்கல் என்று எடுத்துக்கொள்வதுண்டு. வயிறும் நெஞ்சும் ஒத்து அசைகிறதா என்பதோடு இவற்றையும் சேர்த்து ஐந்து அறிகுறிகளுக்கு 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் சில்வர்மேன்–ஆண்டர்சன் அளவுகோல் 1956-லிருந்தே இருக்கிறது. அதில் 0 நல்லது, 10 மிக மோசம். அரை மணிக்கு ஒருமுறை போட்டு எழுதிவைத்தால், குழந்தை தேறுகிறதா மோசமாகிறதா என்று யார் வந்து பார்த்தாலும் தெரியும்.

உயரம் இங்கே தனியாகக் குறுக்கிடுகிறது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறையும். பிறந்த குழந்தையின் ஆக்சிஜன் அளவு முதல் நிமிடத்தில் 60 சதவீதத்தை ஒட்டியும், ஐந்தாவது நிமிடத்தில் 80-லிருந்து 85 வரையும், பத்தாவது நிமிடத்தில் 85-லிருந்து 95 வரையும் இருக்கும் என்று பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள். மலையுச்சியில் இந்த எண்கள் ஏற அதிக நேரம் பிடிக்கலாம். பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் எண் கொஞ்சம் குறைவாகத் தெரியும்போது அது உயரத்தால் வந்ததா, நோயால் வந்ததா என்ற சந்தேகம் இங்கே எழும். நுரைக்கு அந்தச் சந்தேகம் இல்லை. உயரம் சர்ஃபாக்டன்ட்டின் அளவை ஏற்றிக் காட்டாது, இறக்கியும் காட்டாது.

குளிர் அதைவிடக் கொடியது. மார்கழி, தை இரவில் பிரசவ அறையைச் சூடாக வைத்திருப்பதே ஒரு வேலை. குழந்தையின் உடல்வெப்பம் 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது தன்னைச் சூடாக்கிக்கொள்ளக் கூடுதல் ஆக்சிஜனைச் செலவழிக்கும். சர்ஃபாக்டன்ட் சுரப்பும் பாதிக்கப்படும். அரைகுறையாகப் பழுத்த நுரையீரலோடு பிறந்து தேறியிருக்க வேண்டிய குழந்தையைக் குளிர் திணறலுக்குள் தள்ளிவிடும். ஈரத்தைத் துடைத்து, தலையில் குல்லா போட்டு, தாயின் வெறும் மார்பில் ஒட்டிப் படுக்கவைத்து, மேலே கம்பளி மூட வேண்டும். குளிப்பாட்டக் கூடாது. இதைச் செய்யாமல் சோதனைக்குழாயைக் குலுக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

"ஏழு மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாசத்துப் பிள்ளை தங்காது" என்று நம்மில் ஒரு நம்பிக்கை ஆழமாக ஊறிக் கிடக்கிறது. நுரையீரல் சொல்வது இதற்கு நேர் எதிர். ஒவ்வொரு வாரம் கூடுதலாகத் தங்கும்போதும் சர்ஃபாக்டன்ட் கூடுகிறது. எட்டு மாதக் குழந்தைக்குப் பிழைக்கும் வாய்ப்பு ஏழு மாதக் குழந்தையைவிடத் தெளிவாக அதிகம். எட்டு மாதத்தில் பிறந்தது என்று கேட்டதுமே வீட்டார் மனம் தளர்ந்து, கீழே கூட்டிப்போகத் தயங்கினால் காப்பாற்றக்கூடிய பிள்ளையை இழப்போம். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நாள் பார்த்துச் சிசேரியன் செய்வதும் இந்த இடத்தில் பேச வேண்டியதே. நல்ல நட்சத்திரம் வாய்க்கிறது என்பதற்காக 37 வாரத்தில் அறுவை செய்யச் சொல்கிறார்கள். மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் அப்படி எடுக்கும் குழந்தைகளுக்கு மூச்சுத் தொல்லை கூடுதலாக வருகிறது. பிரசவ வலியின்போது வரும் ஹார்மோன்கள்தான் நுரையீரல் நீரை வடியச் செய்கின்றன. வலியே காணாத குழந்தைக்கு அந்த உதவி கிடைப்பதில்லை.

பிரசவத்துக்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சோதனையைவிட அதன் பலன் பெரிது. நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் 1972-ல் காட்டியபடி, குறைப்பிரசவ வலி வந்த தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் கருவின் நுரையீரல் சீக்கிரம் பழுக்கிறது. இந்தியாவில் 24 முதல் 34 வாரம்வரை டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணிக்கு ஒன்றாக நான்கு ஊசி. கீழே அனுப்புமுன் முதல் ஊசியைக் கிராம சுகாதார செவிலியரே போடலாம் என்று 2014-ல் மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்தது. இங்கும் வாரக் கணக்குதான் அடித்தளம். ஆறு நாடுகளில் வாரத்தை உறுதிசெய்ய வழியில்லாத இடங்களிலும் இந்த ஊசியைப் பரவலாக்கிப் பார்த்து 2015-ல் வெளியான ஆய்வில் எதிர்பார்த்த நன்மை கிடைக்கவில்லை. தாய்மார்களுக்குத் தொற்று கூடியது. ஸ்கேனில் வாரத்தை உறுதிசெய்து, மருத்துவமனையில் வைத்துக் கொடுத்துப் பார்த்த உலக சுகாதார நிறுவனத்தின் 2020 ஆய்வில் குழந்தை இறப்பு குறைந்தது. அதில் இந்தியாவும் இருந்தது. மலைக் கிராமத்துப் பெண்ணுக்கு மூன்றாம் மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுக்க வழிசெய்வது, பிறக்கப்போகும் குழந்தையின் மூச்சுக்குச் செய்யும் உதவி.

அனுப்புவது என்று முடிவானால், முடிந்தவரை குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயை அனுப்புவது மேல். கருப்பையைவிடப் பாதுகாப்பான ஆம்புலன்ஸ் கிடையாது. பிறந்துவிட்டால், 108-ல் ஏற்றுமுன் கீழே உள்ள பச்சிளங் குழந்தைப் பிரிவுக்கு போன் செய்து படுக்கையும் சிபேப்பும் தயாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ரெஃபரல் சீட்டில் பிறந்த நேரம், வாரம், எடை, தாய்க்கு ஸ்டீராய்டு எத்தனை ஊசி எப்போது போட்டது, நுரை வளையம் எவ்வளவு நின்றது, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, உடல்வெப்பம், சர்க்கரை அளவு எல்லாம் இருக்க வேண்டும். "மூச்சுத்திணறல், மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது" என்ற ஒரு வரியோடு வரும் சீட்டு கீழே இருக்கும் டாக்டருக்கு ஒன்றும் சொல்லாது. அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.